மாமிக்கு இறங்கத் தெரியாது

“பிள்ளை, பிடி! வாறன், வாறன், பிடி!”

மாமி நெற்களத்தைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார். ஹாண்டில் ஆடவில்லை. முதுகு வளையவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி, கீழ்க்கரையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தார். களத்தில் மெழுகியிருந்த சாணி வெயிலில் காய்ந்து, சில்லுக்கடியில் பொருபொருவென்று நொறுங்கியது.

எல்லாம் சரி. ஒன்றுதான் பிழை. அறுபது வயது தாண்டிய என் மாமியாருக்கு ஏறத் தெரிந்திருந்தது, ஓடத் தெரிந்திருந்தது. இறங்கத் தெரியவில்லை.

நான் பின்னால் ஓடிப்போய்க் கரியரைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதுதான் ஏற்பாடு. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் ஓட முடியாது. களத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன்.

“எடி, சிரிக்காதை! நான் விழுந்தால் உன்ரை மனுசனுக்கு நீதான் பதில் சொல்லவேணும்!” என்று கத்தியபடி என்னைச் சுற்றி இன்னொரு வட்டம் போன மாமி, பாதி வட்டத்தில் தானும் சிரிக்கத் தொடங்கினார். கடைசியில் கால் ஓய்ந்து, சைக்கிளோடு பூவரசு வேலியில் போய்ச் சாய்ந்து நின்றார். கூந்தலில் இரண்டு மஞ்சள் பூ.

“அம்மாவின்ரை சைக்கிள் கதையை எப்ப எழுதப் போறாய்?” என்று வெளிநாட்டிலிருக்கும் மச்சாள் இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து தொலைபேசியில் கேட்டபடி இருக்கிறார். அவர் நேரில் பார்க்காத ஒரேயொரு அம்மாக் கதை அதுதான். ஆகவே இந்த வாரம் மச்சாளுக்காக.

வேலிக்கு அந்தப் பக்கம்

நான் ஓமந்தைக்காரி. கலியாணம் செய்து போனது மல்லாவிக்கு அடுத்த குடியேற்றத் திட்டம் ஒன்றுக்கு. குளம், வாய்க்கால், வயல், வரிசையாக வீடுகள். மாமியும் மாமாவும் காடு வெட்டிய காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர்கள். நான் போனபோது மாமா இல்லை. மாமி, அவரின் மகன், நான். அவ்வளவுதான் வீடு.

மகன் என்றால் என் கணவர். அந்தக் காலத்துப் பழக்கத்தில் நான் அவரை ‘இவர்’ என்றே எழுதப் போகிறேன். கோபிக்க வேண்டாம்.

எங்கள் காணியின் மேற்கு மூலையில் ஒரு கொட்டில் போட்டு, நாயாற்றிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு மீன்பிடிக் குடும்பத்தை மாமி இருத்தியிருந்தார். அந்த வீட்டுப் பெரியவர் திரேசம்மா. மாமியின் வயதுதான். புருசனைக் கடல் கொண்டுபோய்விட்டது. மகனோடும் மருமகளோடும் இருந்தார்.

இரண்டு பேருக்கும் முதலில் பொருந்தவில்லை. திரேசம்மாவின் மகன் குளத்தில் பிடித்த மீனைக் கீறி உப்பிட்டு, எங்கள் வேலியிலேயே காயப் போட்டார் திரேசம்மா. மாமி வெள்ளிக்கிழமையில் மீன் தொடாத மனிசி. காற்று அடித்த பக்கமெல்லாம் கருவாடு. “வேலி ஆற்றை வேலி எண்டு கேட்டுச் சொல்லு பிள்ளை” என்று என்னிடம் மெதுவாகச் சொல்வார். அந்தப் பக்கமிருந்து, “வேலி உங்கடை, காத்து கர்த்தற்றை!” என்று பதில் நேரேயே வந்துவிடும்.

திரேசம்மாவின் குரல் அப்படி. கரையில் நின்று, அலைக்கு அப்பால் வள்ளத்தில் இருப்பவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல். மாமியின் குரலோ மூடி போட்ட பானைக்குள் சோறு கொதிப்பது போல இருக்கும். கிட்டப் போனால்தான் கேட்கும்.

பிறகு மாமிக்குக் காய்ச்சல் வந்தது. வன்னியில் காய்ச்சல் என்றால் மலேரியாதான். அறுவடை நேரம். நானும் இவரும் வயலில் நிற்க வேண்டியிருந்தது. மூன்று போர்வை போர்த்தும் நடுங்கிக்கொண்டிருந்த மாமியின் பக்கத்தில் திரேசம்மா வந்து குந்தினார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். கால் பிடித்துவிட்டார். கொடுத்துக்கொண்டும் பிடித்துக்கொண்டும் ஒரு நிமிடமும் வாய் மூடவில்லை. இறால் படும் மாதம், மாதா திருநாளின் பந்தல், தன் மாமியார் தன்னைப் படுத்திய பாடு.

காய்ச்சல் விட்ட அன்று மாமி என்னிடம் சொன்னார்: “அந்த மனிசி கதைச்சுக் கதைச்சே காய்ச்சலைக் கலைச்சுப்போட்டுது.”

அதற்குப் பிறகு வேலியில் ஒரு பொட்டு வந்தது. பொட்டு என்றால் ஆள் நுழையும் அளவு ஓட்டை. வெயில் சாய்ந்தால் இருவரில் ஒருவர் அதற்குள்ளால் வருவார். பனங்கட்டிக் கடியோடு ஒரு தேத்தண்ணி. பிறகு விளக்கு வைக்கும் வரைக்கும் கதை.

கரியரில் போன கதை

கிளிநொச்சிச் சனமெல்லாம் எங்கள் பக்கம் வந்து நிறைந்திருந்த காலம் அது. இடம்பெயர்ந்தவர்களுக்குக் காட்டோரமாகக் காணித்துண்டு பிரித்துக் கொடுத்தார்கள். திரேசம்மாவின் குடும்பத்துக்கும் ஒன்று கிடைத்தது. சொந்தமென்று சொல்ல ஒரு நிலம். மறுக்க முடியுமா? ஆனால் அது எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு கட்டை தூரம். கட்டை என்றால் மைல்.

வண்டிலில் சாமான் ஏற்றினார்கள். திரேசம்மா உரத்துக் கதைத்தபடியே ஏறினார்.  வண்டில் போன பிறகு மாமி அந்தக் கொட்டிலைக் கூட்டினார். கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பானைச் சத்தம்கூட இல்லாமல் போனது. மாமி சாப்பிட்டார், குளித்தார், கோயிலடிக்குப் போய் வந்தார். கதை மட்டும் இல்லை. என்னோடு கதைக்கலாம்தான். ஆனால் நான் மருமகள். ஒரு மாமியார் தன் மாமியாரைப் பற்றி மருமகளிடமே எப்படிக் குறை சொல்வது? அதற்குத் தன் வயதில் ஒருத்தி வேண்டும்.

“வாற ஞாயிறு கூட்டிக்கொண்டு போறன் அம்மா” என்றார் இவர். ஞாயிறு வரும். வாய்க்காலில் தண்ணீர் முறை இருக்கும், அல்லது மல்லாவிச் சந்தைக்கு மிளகாய் கொண்டுபோக வேண்டியிருக்கும். இவரில் பிழை இல்லை. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய் குடித்து இருமிக்கொண்டு ஓடிய நாட்கள். மூட்டை, விறகு, நோயாளி, பொம்பிளை, மாப்பிள்ளை எல்லாமே சைக்கிளில்தான் போக வேண்டும். வீட்டில் ஒரு ஆம்பிளையின் கால்களுக்கு இருந்த வேலை கொஞ்சமல்ல.

ஒருமுறை கொண்டுபோனார். நானும் என் சைக்கிளில் கூடப் போனேன். திரேசம்மா ஓடிவந்து மாமியைக் கட்டிக்கொண்டார். அடுப்பில் தண்ணீர் வைத்தார். தண்ணீர் கொதிக்கும் முன்பே முற்றத்தில் ஒற்றைக் கால் ஊன்றி நின்ற இவர், “அம்மா, வெளிக்கிடுவமோ? இருட்டுப் பட்டிடும்” என்றார்.

திரும்பி வரும்போது மாமி கரியரில் பக்கவாட்டாக இருந்தார், என்னைப் பார்த்தபடி. வீடு வந்து, கை கால் கழுவிக்கொண்டு சொன்னார்.

“கரியரிலை போனால் கதை அரைவாசியிலை நிக்கும் பிள்ளை.”

நான் என் சைக்கிளை வேலியில் சாத்தினேன்.

“உன்ரை சைக்கிளை ஓடப் பழகுறது கஸ்ரமோ?”

விழுந்த இடமெல்லாம் மஞ்சள்

கலியாணத்துக்கு முன் வவுனியாவில் வாங்கிய பெண்கள் சைக்கிள் என்னுடையது. பார் இல்லாதது. ரயரில் இரண்டு இடம் பழைய ரயர்த் துண்டு வைத்துத் தைத்திருந்தது. புது ரயர் அப்போது கண்ணில் காணக் கிடையாது.

இவர் வயலுக்குப் போன பிறகு பழக்கினேன். முதல் கிழமை மாமி விழுவதற்குத்தான் பழகினார். விழுந்தால் சத்தம் போட மாட்டார். எழும்பி, சேலையைத் தட்டி, “இந்தப் பக்கம் மண் மெத்தெண்டு கிடக்கு” என்பார், மண்ணைச் சோதித்த வைத்தியர் மாதிரி. முழங்காலில், முழங்கையில், நாடியில் எல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு திரிந்தார்.

எனக்குப் பயம் இல்லாமலில்லை. அந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால்? மருந்துச் சாமானே ஒழுங்காக வராத நாடு. “மாமி, காணும், விடுவம்” என்று இரண்டொரு முறை சொன்னேன்.

“நீ பழகேக்கை விழேல்லையோ?”

“எனக்கு அப்ப பன்ரெண்டு வயசு மாமி.”

“உனக்கு அப்ப போக ஒரு இடமும் இல்லை. எனக்கு இருக்கு.”

இவருக்கு எத்தனை நாள் மறைப்பது? முழங்கை மஞ்சள் காட்டிக்கொடுத்தது. இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தவர் தாயின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன்.

“உங்களுக்கென்ன விசரே அம்மா? சனம் என்ன கதைக்கும்? மகன் கொண்டுபோய் விடேல்லை எண்டெல்லோ சொல்லும்!”

மாமி ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்தார். “நீ கொண்டுபோய் விடுறாய்தானே தம்பி. ஆனா திருப்பியும் கொண்டு வந்திடுறாய்.”

 இவர் கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, காலையில் களத்துக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். மாமி ஏறி இருந்தவர், “என்ன பிள்ளை, நான் வளந்திட்டனோ?” என்றார். கால் தரையில் எட்டியது. சீற் இறக்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். தேய்ந்துபோன பிறேக் கட்டைகளுக்குப் பதிலாகப் பழைய செருப்பில் வெட்டிய ரப்பர் துண்டுகள் புதிதாகப் பூட்டியிருந்தன. யாருடைய செருப்பு என்று அடையாளம் தெரிந்தது. இவர் அன்றைக்கு வெறுங்காலோடு வயலுக்குப் போயிருந்தார்.

ஓடி நிற்கும்போது மட்டும் மாமிக்குப் பயம் போகவில்லை. ஆகவே இறங்கும் வித்தை வரவேயில்லை. உயரமான ஏதாவது ஒன்றின் ஓரமாகப் போய், அதில் காலை வைத்து நிற்பதோடு அவரின் படிப்பு முடிந்தது.

பாலைப்பழமும் குழை மண்ணும்

பாலைப்பழக் காலம். காட்டோரத்தில் மரமெல்லாம் மஞ்சள் மணி. தின்றால் உதடு ஒட்டும், விரல் ஒட்டும். திரேசம்மாவுக்கு அதில் பெரிய ஆசை. கடற்கரையில் இது கிடைக்காதே. மாமி ஒரு பனையோலைப் பெட்டி நிறைய எடுத்துக் கரியரில் கட்டினார்.

“தனியப் போயிட்டு வாறன்.”

வாசல் படலைக்குப் பக்கத்து மதகில் கால் வைத்து ஏறிப் போனார். கிறவல் றோட்டில் வெள்ளைச் சேலை சிறிதாகிக்கொண்டே போனது. இவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“எனக்கும் உந்தப் பக்கம் ஒரு அலுவல் கிடக்கு. நீயும் வாவன்.”

கரியரில் என்னை ஏற்றிக்கொண்டு, மாமிக்குத் தெரியாத தூரத்தில் பின்னால் ஓடினார். வழியில் பள்ளம் வரும்போதெல்லாம் இவர் தானே விழப்போவது போல, “இடப்பக்கம், இடப்பக்கம்” என்று முணுமுணுத்தார். மாமி ஒருமுறைகூட விழவில்லை. எதிரே வந்த ஒரு மாட்டு வண்டில்காரர் மாட்டை ஒதுக்கி நிறுத்தி, தலைத் துண்டை எடுத்து மரியாதை செய்தார். பகிடிக்கா, உண்மைக்கா, தெரியவில்லை. மாமி தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

திரேசம்மாவின் புதுக் காணி திறந்த வெளி. படலை இல்லை, மதகு இல்லை, ஒரு மரக்குற்றிகூட இல்லை. கால் வைக்க இடம் தேடி மாமி நேரே உள்ளே போய்விட்டார். கொட்டிலைச் சுற்றினார். கிணறு தோண்டிய குழியைச் சுற்றினார். கோழிகள் பறந்தன.

“திரேசம்மா! பிடி! எனக்கு இறங்கத் தெரியாது!”

அந்த மெல்லிய குரலிலிருந்து அப்படியொரு சத்தம் வந்ததை அன்றுதான் கேட்டேன். அடுப்படியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்த திரேசம்மா ஒரு நிமிடம் அப்படியே நின்றார்.

“மாதாவே! நாகம்மாக்கா!”

அகப்பையை எறிந்துவிட்டு ஓடினார். ஓடியவர் நான் செய்வது போலக் கரியரைப் பிடித்திருக்கலாம். அவர் ஆளைப் பிடித்தார். இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்தார். சுவர் வைப்பதற்கென்று மகன் மண் குழைத்துக் குவித்திருந்த இடத்தில் இரண்டு பேரும் போய்ப் பொத்தென்று விழுந்தார்கள். சைக்கிள் தனியாகக் கொஞ்சத் தூரம் போய்ப் படுத்துக்கொண்டது.

நாங்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினோம். கிட்டப் போனபோது சிரிப்புச் சத்தம். தலை முதல் கால் வரை குழை மண். நசுங்கிய பாலைப்பழம் இருவரின் கன்னத்திலும் ஒட்டியிருந்தது. திரேசம்மா தன் கன்னத்திலிருந்து ஒன்றைக் கிள்ளியெடுத்து, மண்ணைத் துடைத்து, வாயில் போட்டுக்கொண்டார்.

“நல்ல பழம்.”

“எடியே, மண்ணெல்லே!”

“இது என்ரை சொந்தக் காணி மண் அக்கா. பறுவாயில்லை.”

மாமி அப்போதுதான் எங்களைக் கண்டார். “நீங்கள் எங்கை இஞ்சாலை?”

“அலுவலாய்ப் போறம்” என்றார் இவர். தாயைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். “நீங்கள் இருந்து கதைச்சிட்டு வாங்கோ அம்மா. அவசரமில்லை.”

நாங்கள் திரும்பி வந்து குளக்கட்டில் இருந்தோம். மாலைக் காற்றில் தாமரை இலைகள் புரண்டன. எங்கோ வடக்கே வெடிச்சத்தம் கேட்டது, அது எந்நாளும் கேட்பதுதான். இவர் வெறுங்கால்களைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, “அம்மா எப்பிடி ஓடுறா பாத்தியே” என்றார். சற்றுப் பொறுத்துத் திரும்பவும் சொன்னார். வெள்ளைச் சேலையென்று போனது செம்மண் சேலையாகத் திரும்பி வர, பொழுது பட்டுவிட்டது.

படலைதோறும் ஒரு குத்தி

பிறகு கிழமைக்கு இரண்டு தரமாவது மாமி போனார். இறங்க முடியாதது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. போகிற வழியில் இளைப்பாற வேண்டுமென்றால், கால் வைக்க வாகான இடமாகப் பார்த்து நிற்பார். ஒரு வீட்டு வாசல் படி, ஒரு வாய்க்கால் கட்டு, ஒரு பாலை வேர். நின்ற இடத்தில் யாராவது வயதானவர் உள்ளேயிருந்து, “ஆரது?” என்பார். கதை தொடங்கிவிடும்.

அப்படித்தான் அந்த வீதியில் இத்தனை வயதானவர்கள் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்குத் தெரிய வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர். இளையவர்கள் வயலுக்கும் சந்தைக்கும் போய்விட, இவர்கள் கோழியையும் நெல்லையும் பார்த்துக்கொண்டு தனியே இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டு மாதக்கணக்கானவர்களும் இருந்தார்கள். மாமி ஒரு வீட்டுச் சேதியை மற்ற வீட்டில் இறக்கினார். “உன்னை விசாரிச்சவா” என்ற ஒரு சொல்லுக்காகவே சிலர் காத்திருந்தார்கள்.

ஒருநாள் ஒரு வீட்டுப் படலையடியில் புதிதாக ஒரு குத்தி கிடந்தது. குத்தி என்றால் அரிந்த மரத்துண்டு. “என்னத்துக்கு இது?” என்று மாமி கேட்டிருக்கிறார். “நீங்கள் கால் வைக்கத்தான். இஞ்சை மட்டும் நிக்காமல் போறியள்” என்றாராம் அந்த வீட்டு அம்மா. அடுத்த கிழமை எதிர்வீட்டிலும் ஒன்று. மரம் கிடைக்காதவர்கள் கல் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்த வீதியில் குத்தி இல்லாத படலையைக் காண்பது அரிது. தெரியாதவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாக் குத்தியிலும் மாமி கேட்ட முறைப்பாடு ஒன்றே. சங்கக்கடை.

நிவாரண அரிசியும் பருப்பும் சீனியும் கூட்டுறவுச் சங்கக்கடையில்தான் கொடுத்தார்கள். லொறி வந்து சாமான் இறங்கினால் வரிசை றோட்டு வரைக்கும் நீளும். வெயில். இருக்க இடமில்லை. வயதானவர்கள் மயங்கி விழுந்ததும் உண்டு. அதனால் வீடுகளில், “நீங்கள் வரவேண்டாம், நாங்கள் எடுத்துக்கொண்டு வாறம்” என்று நிவாரணக் காட்டை, அதாவது அட்டையை, வாங்கி வைத்துக்கொண்டார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் வெளியே போவதற்கு இருந்த ஒரே சாட்டும் போய்விட்டது.

“இதைக் கூட்டத்திலை சொல்லவேணும்” என்றார் மாமி.

“ஆர் சொல்லுறது?” என்றேன்.

“சைக்கிள் ஓடுற ஆள்தான் போகலாம்.”

இரண்டு வாய்க்கு ஒரு கதை

சங்கக் கூட்டம் பள்ளிக்கூடக் கொட்டிலில் நடந்தது. முன் வாங்குகளில், பிள்ளைகளின் நீள இருக்கைகளில், ஆண்கள். பின்னால் பாயில் பெண்கள் சிலர். மாமி என் சைக்கிளில் வந்தார். இவர் போய்த் திரேசம்மாவைத் தன் கரியரில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் நடந்தேன்.

எல்லா விசயமும் முடிந்து, “வேறை ஆரும் கதைக்கவிருக்கோ?” என்று தலைவர் கேட்டார், எழும்புவதற்கு ஆயத்தமாகக் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு.

“எனக்கு ஒரு கதை கிடக்கு” என்றார் மாமி.

ஒருவருக்கும் கேட்கவில்லை. தலைவர் எழும்பியே விட்டார்.

“தலைவர்! இஞ்சை ஒரு ஆள் எழும்பி நிக்கிறா!”

திரேசம்மாவின் குரலுக்கு வெளியே மேய்ந்த ஆடுகளும் தலை நிமிர்ந்தன. தலைவர் திரும்பவும் கதிரையில் இருந்தார். அதற்குப் பிறகு மாமி ஒரு வசனம் சொல்வார், திரேசம்மா அதை மண்டபம் முழுக்கக் கேட்கத் திருப்பிச் சொல்வார்.

“கிழமையிலை ஒரு காலமை, வயசுபோன ஆக்களுக்கெண்டு ஒதுக்கித் தாங்கோ.”

“ஒரு காலமை ஒதுக்கட்டாம்!”

“மரத்துக்குக் கீழை இரண்டு வாங்கு போடுங்கோ.”

“வாங்கு போடட்டாம்! குடிக்கத் தண்ணியும் வைக்கட்டாம்! நல்ல பருப்பாய்ப் பாத்துக் குடுக்கட்டாம்!”

“பருப்பை நான் சொல்லேல்லை” என்றார் மாமி.

“பருப்பை அவா சொல்லேல்லையாம்! அது நான்!”

கொட்டில் முழுக்கச் சிரித்தது. சங்கக்கடை மனேச்சர் பொறுமையான மனிதர், இரண்டு பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து வந்தவர். சிரிப்பு அடங்கிய பிறகு எழும்பினார்.

“அம்மா, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா ஏன் கஸ்ரப்படுறியள்? காட்டைப் பிள்ளையளிட்டைக் குடுத்து விடுங்கோ. நீங்கள் வரவேண்டிய தேவையே இல்லை.”

 மாமி சேலைத் தலைப்பை ஒருமுறை இழுத்து விட்டார்.  இந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்துவிட்டால் முடிந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

“தம்பி, வராமல் விடுறதுக்கு நாங்கள் வழி கேக்கேல்லை. வந்து இருக்கிறதுக்கு வழி கேக்கிறம்.”

திரேசம்மா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். இந்த முறை திருப்பிச் சொல்லத் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் கேட்டிருந்தது.

முன் வாங்கில் இருந்த ஒரு கிழவர் ஊன்றும் பொல்லால் நிலத்தில் தட்டினார். “ஞாயம்.” இன்னொரு பொல்லும் தட்டியது. பாயில் இருந்த பெண்கள் நிலத்தில் கையால் தட்டினார்கள். அம்மாவைத் தூரத்திலிருந்து கூப்பிடுவது போல இவர் பின்னாலிருந்து கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றார், எதற்கென்று அவருக்கே தெரியாது.

மனேச்சர் தலையைச் சொறிந்தார். “சரி. வெள்ளிக்கிழமை காலமை செய்து பாப்பம். சரிவராட்டில் நிப்பாட்டிப்போடுவன்.”

வெள்ளிக்கிழமை

முதல் வெள்ளி ஏழெட்டுப் பேர்தான். அடுத்தடுத்த கிழமைகளில் வாங்கு காணாமல் வீட்டிலிருந்து பலகையும் சாக்கும் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளின் கரியரில் வந்தார்கள், வண்டிலில் வந்தார்கள், இரண்டு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடந்து வந்தார்கள். நிழல்வாகை மரத்துக்குக் கீழே ஒரு மண்பானைத் தண்ணீர். யாரோ வீட்டிலிருந்து அவித்த கச்சான் கடலை கொண்டுவருவார்கள். நெல்விலையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் பேசாத விசயம் இல்லை. கொஞ்ச நாளில், ஊரில் எந்தக் கூட்டம் கூடினாலும் “வெள்ளிக்கிழமை ஆக்கள் என்ன சொல்லினம்?” என்று கேட்கிற வழக்கம் வந்துவிட்டது.

மனேச்சருக்கு ஒரே மனக்குறை. “சாமான் எடுத்து முடிஞ்சும் ஒருத்தரும் வீட்டை போகினமில்லை” என்று என்னிடம் முறையிட்டார். முறையிட்டபடியே கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் அங்கே நின்றேன். வாங்கின் ஓரத்தில் ஒரு முதியவர். மாமி நின்று கதைக்கும் வீடுகளில் ஒன்றில் மகளோடு இருந்தவர். முகம் மழித்து, தோய்த்த வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்திருந்தார். கையில் சாமான் போடும் உமல் இல்லை, காட் இல்லை. எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்ட மனேச்சர் அவரிடம் வந்தார்.

“அப்பு, உங்கடை வீட்டுச் சாமானை மகள் செவ்வாய்க்கிழமையே எடுத்திட்டா எல்லோ. உங்களுக்கு என்ன வேணும்?”

பக்கத்தில் மாமியும் திரேசம்மாவும் ஏதோ மாமியார்க் கதையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிழவர் அந்தப் பக்கம் வைத்திருந்த காதைக் கொஞ்சம் மனக்குறையோடு திருப்பினார்.

“எனக்கு ஒண்டும் வேண்டாம் தம்பி” என்றார். “இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லே.”